பூதவாதியின் கலவை

மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளை ஒவ்வொருவராக அழைத்துத் தத்தம் கொள்கையைச் சொல்ல வைக்கிறார். அளவைவாதியில் தொடங்கும் அந்த வரிசையில் கடைசியாக வருபவன் பூதவாதி. அவன் சொல்வது சுருக்கமானது. பூவையும் வெல்லக்கட்டியையும் வேறு சரக்குகளையும் கூட்டிப் புளிக்க வைத்தால், அவற்றில் எதிலும் தனியே இல்லாத மதுவெறி பிறக்கிறது. அப்படியே மண், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை தேய்வதுபோல் அதுவும் கெட்டுப்போகிறது. ஆகவே மறுபிறப்பும் இல்லை, வினைப்பயன் நுகர இன்னோர் உலகமும் இல்லை. மணிமேகலை இதற்கு நீண்ட மறுப்பு எதுவும் சொல்வதில்லை. தன் முற்பிறப்பைத் தான் அறிந்திருப்பதாகச் சொல்கிறாள். அவன் அதை மயக்கம் என்கிறான். உன் தாய் தந்தையரையே அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று கேட்கிறாள். கூர்மையான கேள்விதான். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிற அவனுடைய அளவையை அது அடிக்கிறது. ஆனால் அவனுடைய கலவை உவமையைத் தொடவே இல்லை.

அந்த உவமைக்கு நம் மேடைகளில் இன்றும் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. உறுப்பில் இல்லாதது முழுமையில் எங்கிருந்து வரும்? சடப்பொருள் ஆயிரம் கூடினாலும் சடமே; அறிவு அதிலிருந்து முளைக்காது; ஆகவே உயிர் என்று தனியே ஒன்று உண்டு. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்ற சற்காரியவாதத்தின் துணையும் இதற்கு உண்டு. பூதவாதியைப் போன்ற உலகாயதரை முதலில் வைத்து மறுக்கும் சிவஞான சித்தியார் பரபக்கத்தைப் படித்தவர்களுக்கு இந்தத் தர்க்கத்தின் சாயல் பழக்கமானது. உயிர் உண்டு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதைத் தாங்க இந்தத் தூணை நட்டது தவறு என்பது என் துணிபு. தூண் உளுத்தது. பூதவாதி அதைத் தட்டினால் விழும். அது விழும்போது அதன்மேல் ஏற்றி வைத்த நம்பிக்கையும் விழுந்ததாக இளைஞர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

நிக்கல், இரும்பு, குரோமியம் மூன்றையும் கூட்டிச் செய்யும் ஓர் உலோகத்தை இதற்குச் சாட்சியாக அழைக்கிறேன். இன்கோலாய் 800 என்பது அதன் வணிகப் பெயர். பொறியாளர்கள் அலாய் 800 என்பார்கள். நிக்கல் 30 முதல் 35 சதவீதம், குரோமியம் 19 முதல் 23 சதவீதம், இரும்பு குறைந்தது 39.5 சதவீதம், கூடவே பொட்டளவு கரியும் அலுமினியமும் டைட்டானியமும். உர ஆலைகளில் அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பிரிக்கும் ரிஃபார்மர் உலைகளிலும், நம் நாட்டுக் கனநீர் அணு உலைகளின் நீராவி ஜெனரேட்டர்களிலும் இதன் குழாய்கள் உழைக்கின்றன. இரும்பைக் காந்தம் இழுக்கும், நிக்கலையும் இழுக்கும். இந்த உலோகத்தின் முக்கால் பங்கு அவை இரண்டும்தான். ஆனாலும் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் இதன்மேல் வைத்தால் ஒட்டாது. சுழியத்துக்கு நூறு டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால்தான் காந்தக் குணம் தலைகாட்டும். தனி இரும்பின் அணுக்கள் சாதாரண வெப்பத்தில் ஒரு விதமாகவும் 912 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேறு விதமாகவும் அடுக்கிக்கொள்பவை. போதிய நிக்கல் சேர்ந்துவிட்டால் அந்த உயர்வெப்ப அடுக்கு கை தொடும் குளிர்ச்சியிலும் குலையாமல் நின்றுவிடுகிறது. குரோமியம் தனியே நொறுங்கும் இயல்புடையது. இரும்பு தனியே துருப்பிடிக்கும். இரண்டும் நிக்கலோடு கூடிய இடத்தில், நொறுங்காத, துருவேறாத ஓர் உடம்பு கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஆக்சைடுத் தோல் ஒன்று அதன்மேல் படர்கிறது. கீறினால் காற்றில் அந்த இடம் மறுபடி மூடிக்கொள்கிறது. இன்னொரு சாட்சி இதைவிடப் பழையது. 1896இல் சார்லஸ் எடுவார் கியோம் கண்ட கலவையில் நிக்கல் 36 சதவீதம், மீதி இரும்பு. சூடேற்றினால் இரண்டு உலோகங்களும் தனித்தனியே விரியும். கலவை ஏறக்குறைய விரிவதே இல்லை. அதற்காக அவருக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது. உறுப்பில் இருப்பது முழுமையில் இல்லாமல் போகிறது. உறுப்பில் இல்லாதது முழுமையில் வந்து நிற்கிறது. மேடைப் பதில் இந்த இரண்டு திசையிலும் பொய்க்கிறது.

பூதவாதி இந்த இடத்தில் மகிழ்ந்துபோவான். ஆனால் இதே உலோகம் அவனையும் விட்டுவைக்கவில்லை. கலவை மாறாமலே குணம் மாறும் என்பதை இது காட்டுகிறது. ஒரே உருக்கில் வார்த்த அலாய் 800, கரி 0.07 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பாதியை ஏறத்தாழ 980 டிகிரியில் பதப்படுத்தி ஆறவிட்டால் உள்ளே படிகக் குறுணைகள் நுண்ணியவையாக அமையும். மறுபாதியை 1150 டிகிரியை ஒட்டிய சூட்டில் பதப்படுத்தினால் அதே குறுணைகள் பருத்துவிடும். அதற்கு 800எச் என்று பெயர். வேதியியல் ஆய்வகத்தில் இரண்டையும் கொடுத்தால் ஒரே சீட்டுதான் வரும். வலுவோ வேறு. சாதாரண வெப்பத்தில் நுண்குறுணை உலோகம்தான் பலசாலி. அது நெளியத் தொடங்கக் குறைந்தது 205 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும் என்று தர விதிகள் கேட்கின்றன, 800எச்சுக்கு 170 போதும். ஆனால் 600 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நெடுங்காலம் பாரம் சுமக்கச் சொன்னால் நிலைமை தலைகீழ். அங்கே உலோகம் சட்டென்று முறிவதில்லை. பாரத்தின்கீழ் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டே போகிறது. இதைத்தான் க்ரீப் என்கிறார்கள். அதில் ஒரு பங்கு, குறுணையும் குறுணையும் சந்திக்கும் எல்லைகளில் நடக்கும் நழுவல். குறுணை சிறுத்தால் எல்லைகள் கூடும், நழுவலும் கூடும்; பருத்தால் இரண்டும் குறையும். குளிரில் பலமாக இருந்த அதே எல்லை நெருப்பில் பலவீனமாகிறது. இதில் எது வலுவான உலோகம் என்று கேட்டால், எந்தச் சூட்டில், எத்தனை ஆண்டுக்கு என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. 800எச்சை 650 டிகிரியில் ஏறத்தாழ 120 மெகாபாஸ்கல் பாரத்தில் தொங்கவிட்டால் பத்தாயிரம் மணி நேரத்தில் அறுந்துவிடும். 870 டிகிரியில் அதே காலத்துக்கு அது தாங்குவது 24ஐ ஒட்டித்தான்.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியலாளர்கள் இந்த வகைக் கேள்விகளோடு பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். க்ரீப் சோதனை என்பது பார்வைக்கு மிக எளிய காரியம். சிறு கம்பி ஒன்று குழல்போன்ற உலைக்குள் செங்குத்தாக நிற்கும். மேலே நெம்புகோல், அதன் மறுமுனையில் எடைக்கற்கள். கம்பி எவ்வளவு நீண்டது என்பதை ஒரு கருவி குறித்துக்கொண்டே இருக்கும். வேறு எதுவும் நடக்காது. மாதங்கள் போகும், சில சோதனைகளில் ஆண்டுகள் போகும். வேக ஈனுலையின் எரிபொருள் உறைக்காக அவர்கள் தேர்ந்த டி9 என்ற உலோகமும் இரும்பு, குரோமியம், நிக்கல் குடும்பத்தைச் சேர்ந்ததே. குரோமியமும் நிக்கலும் பதினைந்து பதினைந்து சதவீதத்தை ஒட்டி, கூடவே மாலிப்டினமும் சிறிது டைட்டானியமும். அந்த உறை சோடியத்தின் சூட்டை மட்டும் தாங்கினால் போதாது. நியூட்ரான்கள் ஓயாமல் அடித்து அணுக்களை இருந்த இடத்திலிருந்து பெயர்க்கும். உள்ளே வெற்றிடங்கள் திரண்டு உலோகமே உப்பும். அதைத் தள்ளிப்போடச் செய்வது வியப்பானது. உறைக் குழாயைச் சூடாக்காமலே இழுத்து, அதன் உருவத்தை இருபது சதவீதம் வலிந்து மாற்றுகிறார்கள். அப்போது அணு அடுக்கில் எண்ணற்ற பிசகுகள் ஏற்படுகின்றன. பிறகு டைட்டானியக் கார்பைடின் மிக நுண்ணிய துகள்கள் அந்தப் பிசகுகளைப் பற்றி உருவாகின்றன; உப்புதலுக்கு வித்திடும் ஹீலியத்தை அவை ஆங்காங்கே சிதறடித்துச் சிறைப்பிடிக்கின்றன. பிசகே இல்லாத அடுக்கைக் காட்டிலும் அடிபட்டுப் பிசகிய அடுக்கு நெடுநாள் தாங்குகிறது. கலவைப் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே பூதவாதியிடம் நான் கேட்பது இது: மதுவெறி பூவிலும் கட்டியிலும் இல்லை என்றாய், சரி, அவற்றைக் கூட்டியதால் மட்டும் வந்ததா? கூட்டி, மூடி, இத்தனை நாள் இந்தச் சூட்டில் புளிக்க விட்டதால் வந்தது. ஒரு நாள் கழித்துத் திறந்தால் அது இல்லை. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அது காடியாகிவிட்டது. சரக்கு அதேதான். நம் சித்தாந்த நூல்கள் குடத்தைக் காட்டி மூன்று காரணம் சொல்லும். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். பூதவாதி முதற்காரணத்தோடு நின்றுவிட்டான். ஆனால் இங்கே சித்தாந்திக்கும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. குடத்துச் சக்கரம் வேலை முடிந்ததும் விலகிவிடுகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். உலோகத்தில் அப்படி இல்லை. உலையின் சூடும் இழுத்த விசையும் விலகிய பின்னும் குறுணையாகவும் பிசகாகவும் பொருளுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. துணைக்காரணம் பொருளின் உடம்பில் ஏறிவிடுகிறது. ஒரு பொருள் எதனால் ஆனது என்பதோடு அது எதையெல்லாம் பட்டது என்பதும் சேர்ந்துதான் அது என்ன என்பதாகிறது.

சற்காரியவாதி இதற்கு ஒரு மறுப்பு வைப்பார். அந்த வலுவும் காந்தமின்மையும் இரும்பிலும் நிக்கலிலும் சத்தி வடிவில் மறைந்தே இருந்தன. சூடும் விசையும் அவற்றை வெளிப்படுத்தின, அவ்வளவே. இல்லாதது ஒன்றும் தோன்றவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதை ஏற்றால் அவரே மாட்டிக்கொள்கிறார். இரும்பில் காந்தக் குணமும் மறைந்திருந்தது, காந்தமின்மையும் மறைந்திருந்தது, விரிவும் விரிவின்மையும் மறைந்திருந்தன என்றால், மறைந்திருந்தது என்ற சொல் எதையும் விலக்கவில்லை. எதையும் விலக்காத கொள்கை அறிவையும் விலக்காது. மண்ணிலும் நீரிலும் உணர்வு மறைந்திருந்தது, உடம்பின் அமைப்பு அதை வெளிப்படுத்தியது என்று பூதவாதி அதே வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். சற்காரியவாதத்தை இந்த அகலத்துக்கு இழுத்து உலகாயதரை மறுக்கப் புறப்படுவது, கோட்டைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காவல் நிற்பதாகும்.

பூதவாதியும் சும்மா இருக்க மாட்டான். அமைப்பு என்கிறாய், பட்ட வரலாறு என்கிறாய். அந்த அமைப்பும் அணுக்கள் நிற்கும் இடம்தானே? பூதம் அல்லாத ஒன்று எங்கே வந்தது? பூதங்களின் கூட்டம் என்பதைப் பூதங்களின் ஒழுங்கான கூட்டம் என்று திருத்திக்கொள்கிறேன், போதுமா? இது நேர்மையான பதில், பாதி தூரம் நான் அவனோடு வருவேன். ஒழுங்கு என்பது இன்னொரு பூதம் அல்ல. அதைத் தனியே எடுத்து நிறுக்க முடியாது. ஆனால் அவன் திருத்தம் சிறியது அல்ல. உலகில் இருப்பது இன்னின்ன பூதங்கள், அவ்வளவே என்று பட்டியல் போட்டு முடித்தவன், இப்போது பட்டியலில் அடங்காத ஒன்றால்தான் பொருள்கள் வேறுபடுகின்றன என்று ஒப்புக்கொள்கிறான். அதைவிட முக்கியம், உலோகத்தின் குணம் ஒவ்வொன்றையும் அதன் அமைப்பிலிருந்து படிப்படியாக வந்து தொட முடிகிறது. காந்தம் ஒட்டாததற்கு எலெக்ட்ரான் சுழற்சிகளின் நிலை, சூட்டில் நீளுவதற்குக் குறுணை எல்லை, துருவேறாமைக்கு ஆக்சைடுத் தோல். வலு என்பதும் விரிவு என்பதும் அணுக்களின் பிடிப்பும் அசைவும்தான். ஆகவே வழி உண்டு. வலி உணர்வதும், இது வலி என்று அறிவதும் அசைவின் வகையைச் சேர்ந்தவையா என்பதே வழக்கு. அந்த வழியை நரம்பின் ஒழுங்கிலிருந்து உணர்வுவரை எவரும் இன்னும் நடந்து காட்டவில்லை. ஒரு கலவையில் புதுக்குணம் பிறந்தது என்பதால் எந்தக் கலவையிலும் எந்தக் குணமும் பிறக்கும் என்று ஆகிவிடாது. அறிவு ஒருக்காலும் பிறக்காது என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. பிறந்துவிட்டது என்று காட்ட அவனுடைய மதுச்சாடியும் போதாது.

அப்படியானால் உயிர் உண்டு என்பவர் எங்கே நிற்பது? மெய்கண்டார் நின்ற இடத்தில். 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் அவர் உயிருக்குச் சொல்லும் காரணங்களை நிதானமாகப் பார்த்தால், அவற்றில் கலவைத் தர்க்கம் இல்லை என்பது தெரியும். உடம்பைக் காட்டி இதுவல்ல இதுவல்ல என்று விலக்கிச் சொல்ல ஒருவன் இருக்கிறான், என் உடம்பு என்று உரிமை சொல்கிறான், ஐந்து புலன்களின் செய்தியையும் ஒருவனாக இருந்து அறிகிறான், அவை ஒடுங்கிய கனவையும் அறிகிறான், உறக்கத்தில் உடம்பு கிடக்கிறது, நுகர்ச்சியும் செயலும் இல்லை, அறிவித்தால் அறிகிறான். அத்தனையும் அறிதல் என்ற நிகழ்ச்சியை உள்ளிருந்து பார்த்து எடுத்த சான்றுகள். உடம்பு எதனால் ஆனது என்று அவர் தொடங்கவே இல்லை. கல்பாக்கத்து உலை நாளைக்கு என்ன புது உலோகம் செய்தாலும் இந்தச் சான்றுகள் ஆடாது. ஏனென்றால் அவை உலோகத்தின் களத்தில் நடப்பட்டவை அல்ல. நம் மேடைகள் இவரை விட்டுவிட்டு உளுத்த தூணைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சமய வாழ்க்கையே கலவையைப் போற்றுகிறதே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். மதுரைத் தல்லாகுளத்தில் வாழ்பவர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. சித்திரையில் எதிர்சேவைக்குக் கூடும் கூட்டம் அழகரின் திருமேனி அபரஞ்சித் தங்கம் என்றும், அழகர்மலை நூபுர கங்கைத் தீர்த்தம் அல்லாத நீரில் திருமஞ்சனம் செய்தால் அது கறுத்துவிடும் என்றும் தலைமுறையாகச் சொல்லி வருகிறது. ஐம்பொன் என்ற சொல்லே கலவையின் பெயர். ஆனால் சோழர் காலத் திருமேனிகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன் போன்றவர்கள் கண்டது பெரும்பகுதி செம்பும், கூட வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் சுவடளவே. கல்பாக்கத்தில் அணு உலைகளுக்காக உலோகம் ஆய்ந்த பல்தேவ் ராஜ், சி.வி. சுந்தரம், சி. ராஜகோபாலன் ஆகியோர் நம் செப்புத் திருமேனிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். 2000இல் விஞ்ஞான் பிரசார் அதை வெளியிட்டது. இந்த ஆய்வுகளால் எந்தக் கோயிலிலும் பக்தி குறைந்ததாக நான் காணவில்லை. காரணம் ஆகமத்திலேயே இருக்கிறது. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் பிறந்த உருவம் கண் திறப்பதற்கு முன்னும் பின்னும், பிரதிஷ்டைக்கு முன்னும் பின்னும் ஒரே எடை, ஒரே கலவை. திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து, மூர்த்தியின் கலையைக் கும்பத்து நீருக்கு ஆவாகனம் செய்கிறார்கள். குடமுழுக்கில் மறுபடி மூர்த்திக்குக் கொண்டுவருகிறார்கள். இடைப்பட்ட நாளில் சிலை அதே சிலைதான். தெய்வம் உலோகத்தின் பெயரல்ல என்பதை ஆகமம் சடங்காகவே செய்து காட்டுகிறது. அபரஞ்சி என்று சொல்வது அன்பின் மிகுதி. அன்புக்கு மாற்றுப் பார்க்கும் கல் வேண்டாம்.

கலவையைக் கேட்டதும் பொருளை அறிந்துவிட்டதாக எண்ணும் பிழை நம்மிடம் மிகக் கொடுமையாக வெளிப்படுவது மனிதரிடத்தில். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்டு, விடை கிடைத்ததும் ஆளை எடைபோட்டு முடித்துவிடுகிறோம். சாதி என்ற கணக்கு முழுவதும் முதற்காரணத்தோடு நின்றுபோன கணக்கு. கருமக் கொள்கையை அதற்குத் துணைக்கு அழைப்பவர்கள் அந்தக் கொள்கையையே தலைகீழாகப் பிடிக்கிறார்கள். செய்ததும் பட்டதும் உள்ளே தங்கும் என்பதுதான் வினை. பிறந்த கலவை முடிவு சொல்லும் என்பதல்ல. உலோகம் தன் சூட்டைத் தானே தேர்வதில்லையே, மனிதனும் அப்படித்தானே என்று கேட்கலாம். உலோகத்துக்கு அறிவித்தால் அறிதல் இல்லை, மனிதனுக்கு உண்டு. மெய்கண்டாரின் கடைசிச் சான்று இங்கேதான் வேலை செய்கிறது.

கடைசியாக, பூதவாதி கையில் இன்னும் ஓர் ஆயுதம் இருக்கிறது, அது வலியது. தேய்ந்து நீண்ட உலைக் குழாயை உருக்கிவிட்டால் நிக்கலும் குரோமியமும் இரும்பும் அப்படியே கிடைக்கும். குறுணையும் பிசகும், அது பட்ட பத்தாயிரம் மணி நேரமும் சுவடில்லாமல் அழியும். வரலாறு பொருளுக்குள் தங்கும் என்றாயே, பொருள் உருகினால் அது எங்கே போகும்? இறப்பு ஓர் உருக்கல் என்றால் வினை எதைப் பற்றி நிற்கும்? இதற்கு உலோகத்திடமிருந்து விடை எடுக்க நான் முயல மாட்டேன்; உலோகம் இங்கே அவன் பக்கம்தான் பேசுகிறது. தழும்பு இருக்க வேண்டுமானால் அதைத் தாங்கும் உடம்பு வேண்டும். சித்தாந்திகள் இந்த இடரைக் காணாமல் போனவர்கள் அல்லர். தூல உடல் விழுந்த பின்னும் வினையைச் சுமந்து செல்லச் சூக்கும உடல் உண்டு என்று அவர்கள் வகுத்ததே, தாங்குவது ஒன்று இல்லாமல் வரலாறு தங்காது என்று அறிந்ததால்தான். மறுபிறப்பை மறுக்கிற ஒருவரோடு வாதிடும் சைவர், கலவையில் அறிவு பிறக்குமா என்ற பழைய சண்டையை விட்டுவிட்டு, அந்தச் சூக்கும உடலுக்கு என்ன சான்று என்ற கேள்விக்கு அணியமாக வேண்டும்.